கையளிக்க இயலாத பண்ணை: ‘ஸ்டார்டியூ வேலி’ விளையாட்டைக் குறித்து ஒரு திறனாய்வு

1. வினா எழுந்த விதம்

சென்ற பருவத்தின் இறுதியில், இறையியல் இளங்கலை இறுதியாண்டு மாணவர் ஒருவர் இக்கட்டுரையாளரிடம் ஒரு வினாவோடு வந்தார். கணினியில் பண்ணை நடத்தும் விளையாட்டு ஒன்றை அவர் ஈராண்டுகளாக விளையாடி வருகிறார். அதனால் படிப்புக் கெடவில்லை. ஜெப வாழ்வும் குன்றவில்லை. “ஐயா, இந்த விளையாட்டில் வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. எப்போது நிறுத்துவது என்று விளையாட்டும் சொல்லவில்லை. நானாக நிறுத்தினால் பாதியில் விட்டது போல் இருக்கிறது. தொடர்ந்தால் எதற்காகத் தொடர்கிறேன் என்று தெரியவில்லை. எப்போது நிறுத்துவது?” என்பதே அவர் கேட்டது.

“இன்றே நிறுத்து” என்று ஒரே சொல்லில் விடை கூறிவிடலாம். நம்மில் பலர் அவ்வாறே கூறுவோம். ஆயின் அது வினாவுக்கு விடையன்று. வினவியவரை வாசலுக்கு அனுப்பிவைக்கும் வழி. உலக சுகாதார நிறுவனம் 2019 மே மாதத்தில் ஏற்றுக்கொண்டு, 2022 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில், விளையாட்டுக்கு அடிமையாகும் நிலையும் ஒரு நோயாக இடம்பெற்றுள்ளது. கட்டுப்பாட்டை இழத்தல், மற்றக் கடமைகள் அனைத்துக்கும் மேலாக விளையாட்டை வைத்தல், கேடு விளைந்த பின்னும் தொடர்தல் ஆகியன அதன் அடையாளங்கள். அந்நிலையில் உள்ளவருக்கு வேண்டியது மருத்துவமும் துணையுமே அன்றித் திறனாய்வு அன்று. நம் மாணவர் அந்நிலையில் இல்லை. அவர் கேட்டது நோயைப் பற்றிய வினா அன்று, முடிவைப் பற்றிய வினா. முடிவு குறிக்கப்படாத ஒரு செயலை மனிதன் எதைக் கொண்டு முடிப்பது? சேகரப் பொறுப்பில் இருப்போர் எவரும் இவ்வினாவைத் தமக்குத் தொடர்பில்லாதது என்று தள்ளிவிட இயலாது என்பதைச் சற்றுச் சிந்தித்தால் உணரலாம்.

விடை காணும் பொருட்டு இக்கட்டுரையாளரும் அவ்விளையாட்டை மாலை வேளைகளில் விளையாடிப் பார்த்தார். விளையாட்டின் கணக்கில் மூன்றாம் ஆண்டின் இலையுதிர்காலம் வரை சென்றார். நம் கணக்கில் அது ஏறத்தாழ 70 மணி நேரம். அவ்வனுபவத்தின் அடிப்படையில், இவ்விளையாட்டு முடிவு என்பதை எவ்வாறு கையாளுகிறது, எங்கே தவறுகிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. விளையாட்டின் அமைப்பு

‘ஸ்டார்டியூ வேலி’ 2016 பிப்ரவரி 26ஆம் நாள் வெளிவந்தது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த எரிக் பரோன் என்பவர் ஏறத்தாழ நான்கரை ஆண்டுகள் உழைத்து, தனியொருவராக இதனை உருவாக்கினார். நிரல் எழுதியதும், படம் வரைந்ததும், இசை அமைத்ததும், மாந்தரின் உரையாடல்களை எழுதியதும் அவர் ஒருவரே. 2024ஆம் ஆண்டின் இறுதிக்குள் இது 4 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்பனையாயிற்று. எனவே இதனை ஒரு சிலரின் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவதற்கில்லை. நம் வாலிபர் கூட்டங்களில் அமர்ந்திருப்போருள் சிலரும் இதனை அறிந்திருக்கக்கூடும்.

இதற்கு முன்மாதிரியாக அமைந்தது, ஜப்பானில் யசுஹிரோ வாடா என்பவரின் முயற்சியால் 1996இல் வெளிவந்த ‘ஹார்வெஸ்ட் மூன்’. அதில் ஒரு வரம்பு இருந்தது. பெற்றோர் பண்ணையை மகனிடம் ஒப்படைத்துச் செல்வர். இரண்டரை ஆண்டுகளுக்குப் பின் திரும்பி வந்து அவன் செய்தவற்றைக் காண்பர். அத்தோடு கதை முடியும். பரோன் அவ்வரம்பை எடுத்துவிட்டார். அவர் படைத்த பண்ணையில் எத்தனை ஆண்டுகள் வேண்டுமாயினும் உழைக்கலாம். நாம் எடுத்துக்கொண்ட சிக்கலின் வேர் இவ்வொரு மாற்றத்தில் இருக்கிறது.

கதை ஒரு மரணப்படுக்கையில் தொடங்குகிறது. இறக்கும் தறுவாயில் உள்ள தாத்தா, முத்திரையிட்ட மடல் ஒன்றைப் பேரப்பிள்ளையிடம் தருகிறார்; இக்கால வாழ்வின் சுமை தாங்க இயலாமற்போகும் நாளில் அதனைத் திறக்கும்படி சொல்கிறார். ஆண்டுகள் கழிகின்றன. ஜோஜா என்னும் பெருநிறுவனத்தின் அலுவலகத்தில், வரிசை வரிசையான தடுப்புகளுக்கிடையே அப்பிள்ளை கணினியின்முன் அமர்ந்திருக்கிறது. சுவரில் ‘ஓய்வு’, ‘வேலை’ என்று இரு பலகைகள். ‘வேலை’ மட்டுமே எரிகிறது. மடல் திறக்கப்படுகிறது. உள்ளே இருப்பது, கடலோரத்துச் சிற்றூர் ஒன்றின் அருகே பாழாய்க் கிடக்கும் பண்ணையின் உரிமை. பிள்ளை நகரத்தை விட்டுப் புறப்படுகிறது.

ஊர்த் தலைவர் 15 விதைகளைக் கொடுத்து வரவேற்கிறார். புதரை வெட்டி, கல்லை அகற்றி, மண்ணைக் கொத்தி, விதைத்து, நீர் ஊற்ற வேண்டும். பருவத்துக்கு 28 நாள். நான்கு பருவங்கள் சேர்ந்து 112 நாள் கொண்ட ஓர் ஆண்டு. அங்குள்ள ஒரு நாள் நம் கடிகாரத்தில் சுமார் 14 நிமிடம். எனவே ஓர் ஆண்டு என்பது 26 மணி நேரம். மீன்பிடித்தல், சுரங்கத்தில் இறங்கிக் கனிமம் எடுத்தல், ஆடுமாடு வளர்த்தல், ஊராரோடு நட்புக் கொள்ளுதல், மணம் புரிதல் எனப் பல தொழில்களும் உறவுகளும் உண்டு. சிதைந்து கிடக்கும் ஊர்ப் பொதுமன்றத்தைக் காட்டு ஆவிகளின் துணையோடு செப்பனிடலாம். அல்லது 5,000 பொற்காசு கட்டி ஜோஜா நிறுவனத்தில் உறுப்பினராகி, அம்மன்றத்தை அதன் கிடங்காக மாறவிடலாம். தெரிவு விளையாடுபவருடையது.

3. இரவும் காலையும்

நிறுத்துதல் என்னும் வினா ஆண்டுகளின் முடிவில் எழுவதற்கு முன், ஒவ்வொரு மாலையிலும் எழுகிறது. எனவே அன்றாட நிறுத்தத்தை முதலில் காண்போம்.

விளையாட்டில் நாள் காலை ஆறு மணிக்குத் தொடங்குகிறது. பின்னிரவு இரண்டு மணிக்குள் உறங்கச் செல்லாவிடில் பிள்ளை மயங்கி விழும். உடல் வலிமைக்கும் ஓர் அளவு உண்டு. மண்வெட்டியை வீசும்தோறும் அது குறையும். மனிதன் வரம்புடையவன் என்பதை இவ்விளையாட்டு மறைக்கவில்லை. அதனைப் பாராட்ட வேண்டும். கட்டிலை அடைந்ததும், உறங்கலாமா என்ற கேள்வி திரையில் தோன்றும். ஆம் என்றால் அன்றைய வருவாய்க் கணக்கு வரும்: பயிரில் இவ்வளவு, மீனில் இவ்வளவு, சுரங்கத்தில் இவ்வளவு, மொத்தம் இவ்வளவு. அதன் பின்னரே அன்றைய உழைப்பு கணினியில் பதிவாகும்.

இங்கேதான் நுட்பமான ஒரு குறை இருக்கிறது. பதிவு நிகழ்ந்த மறுகணம், பிள்ளை மறுநாள் காலையில் கண்விழிக்கிறது. அஞ்சல் பெட்டியில் புதிய கடிதம் இருக்கலாம். நேற்று நீர் ஊற்றிய பாத்தியில் காய் முற்றியிருக்கும். மனிதன் இயல்பாக எழுந்து செல்ல வேண்டிய இடம் இரவு. இவ்விளையாட்டு அவனை அங்கே விடாமல் விடியலில் நிறுத்துகிறது. உறங்கிய உணர்வு வருவதற்கு முன்னே விழித்த உணர்வு வந்துவிடுகிறது. பகல் நடுவே கணினியை மூடினால் அன்று செய்தது பதிவாகாது என்பதால், மீண்டும் ஓர் இரவு வரை ஓட்டியாக வேண்டும். ‘இன்னும் ஒரு நாள்’ என்று விளையாடுவோர் கூறுவதை அவர்தம் மனவலிமைக் குறைவாக மட்டும் கருதலாகாது. அமைப்பே அச்சொல்லை அவர் வாயில் வைக்கிறது. நம் மாணவருக்கு இக்கட்டுரையாளர் கூறிய முதல் அறிவுரை மிக எளியது: காலையில் நின்று மூடப் பழகுக, முற்றிய காய் பாத்தியிலேயே இருக்கட்டும்.

அவ்வாறு விட்டுச் செல்வோரை இவ்விளையாட்டுத் தண்டிப்பதில்லை என்பதையும் நேர்மையாகக் கூற வேண்டும். 2009இல் தோன்றிப் பெரும் புகழடைந்த ‘ஃபார்ம்வில்’ என்னும் பண்ணை விளையாட்டில், உரிய வேளையில் திரும்பி வராதவரின் பயிர் வாடிப்போகும்; அங்கே கடிகாரம் நம்முடைய கடிகாரமே. அதனால் அது அச்சத்தால் மனிதரைத் திரும்ப அழைத்தது. அதன் முடிவும் விளையாடியவர் கையில் இல்லை; 2020 டிசம்பர் 31இல் நிறுவனமே அதனை மூடிற்று. ஸ்டார்டியூ வேலியிலோ, நாம் இல்லாதபோது காலம் நின்றுவிடுகிறது. ஓர் ஆண்டு கழித்து வந்தாலும் அதே காலை, அதே பாத்தி. விட்டுச் செல்ல நமக்கு முழு உரிமை உண்டு. ஆயினும் உரிமை இருப்பதனால் மட்டும் விட்டுச் செல்லும் வலிமை வந்துவிடாது.

4. முடிவு போல் தோன்றும் இடங்கள்

முற்றுப்புள்ளி போன்ற இரண்டு இடங்களை விளையாட்டு தருகிறது.

முதலாவது, தாத்தாவின் மதிப்பீடு. மூன்றாம் ஆண்டின் முதல் விடியலில் தாத்தாவின் ஆவி பண்ணைக்கு வந்து, ஈராண்டு உழைப்பைச் சீர்தூக்குகிறது. ஈட்டிய பொருள், பெற்ற நட்பு, குடும்பம், தேர்ந்த தொழில்கள், செப்பனிட்ட பொதுமன்றம் ஆகியவற்றுக்கு மொத்தம் 21 மதிப்பெண். 12 பெற்றால் அவருடைய நினைவிடத்தில் நான்கு மெழுகுவர்த்திகளும் எரியும். பலர் இவ்விடத்தோடு நிறுத்திக்கொள்கின்றனர். கதை தாத்தாவிடம் தொடங்கித் தாத்தாவிடம் திரும்புவதால் அவ்வாறு நிறுத்துவதில் ஓர் அழகும் உண்டு. ஆயினும் இத்தீர்ப்பு இறுதித் தீர்ப்பன்று. மெழுகுவர்த்தி குறைந்தவர் ஒரு வைரத்தை நினைவிடத்தில் வைத்து மறுமதிப்பீடு வேண்டலாம். நான்கும் பெற்றவருக்கோ மறுநாள் வழக்கம்போல் விடியும்.

இரண்டாவது, ‘பூரணம்’. 2020 டிசம்பரில் வெளிவந்த விரிவாக்கத்தில் புதிய தீவு ஒன்றோடு இது சேர்க்கப்பட்டது. அத்தீவில் 100 பொன் வாதுமைக் கொட்டைகளைத் திரட்டியவர் நுழையக்கூடிய அறை ஒன்று உண்டு. அங்கே, செய்யக்கூடிய அனைத்திலும் எத்தனை விழுக்காடு செய்திருக்கிறோம் என்பது காட்டப்படுகிறது. விளையும் பொருள் ஒவ்வொன்றையும் ஒரு முறையேனும் விற்றிருக்க வேண்டும். எல்லா மீனையும் பிடித்திருக்க வேண்டும். எல்லா உணவையும் சமைத்திருக்க வேண்டும். ஊரார் அனைவரும் நெருங்கிய நண்பராகியிருக்க வேண்டும். ஒரு கோடிப் பொற்காசு விலையுள்ள பொற்கடிகாரம் பண்ணையில் நிற்க வேண்டும். நூறு விழுக்காடு எய்தியவருக்கு மலைச் சிகரத்தின் வழி திறக்கும். அங்கே அவருக்கென ஒரு காட்சி நிகழும். அதற்கு அடுத்த நாளும் விடியும்.

பூரணத்தை நாடுவோர் படும் பாட்டை விளையாட்டின் ஆசிரியரும் உணர்ந்திருக்க வேண்டும். 2024 மார்ச்சில் வந்த விரிவாக்கத்தில் ஒரு சலுகை இடம்பெற்றது. 5 இலட்சம் பொற்காசு செலுத்தினால், செய்யாத பணிகளுக்கு ஈடாக ஒரு விழுக்காடு கூட்டித் தரும் சீட்டு ஒன்றைப் பெறலாம். எத்தனை வேண்டுமாயினும் வாங்கலாம். 1517ஆம் ஆண்டின் விட்டன்பர்க்கை அறிந்த வாசகர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. செயல்களைக் கூட்டிக் கூட்டிப் பூரணம் அடையலாம் என்ற ஏற்பாட்டில், இறுதியில் சீட்டு விற்பனை நுழையும் என்பது புதிதன்று. எண்ணிக்கையால் வரும் நிறைவு தன் எடை தாங்காமல் ஒரு நாள் பணத்தின்மேல் சாயும். இங்கே அது வேடிக்கையாக, எவருக்கும் தீங்கின்றி நிகழ்கிறது; அவ்வளவே வேறுபாடு.

டச்சு வரலாற்றாசிரியர் யோஹான் ஹய்சிங்கா, விளையாட்டைப் பற்றி 1938இல் வெளியிட்ட நூலில், குறித்த இடத்துக்கும் குறித்த காலத்துக்கும் உட்பட்டிருத்தல் விளையாட்டின் இலக்கணங்களுள் ஒன்று என்றார். தொடங்கும், ஒரு கட்டத்தில் முடிந்துபோகும். அவ்விலக்கணத்தால் அளந்தால், முடியாத விளையாட்டு விளையாட்டாக இருப்பதிலிருந்து சிறிது சிறிதாக விலகி வேலையின் இயல்பைப் பெறுகிறது. நம் மாணவர் ‘எதற்காகத் தொடர்கிறேன்’ என்று கேட்ட நாளில் அவ்வெல்லையைக் கடந்துவிட்டிருந்தார் எனலாம்.

5. புதன்கிழமைக் கதவடைப்பு

இவ்விளையாட்டில் எளிதில் கண்ணில் படாத ஒரு செய்தியை இங்கே எடுத்துக்காட்ட விரும்புகிறோம்.

ஊரில் பியர் என்பவர் ஒரு சிறு கடை நடத்துகிறார். விதை வாங்குவோர் பெரும்பாலும் அவரிடமே செல்வர். அக்கடையை ஒட்டிய ஓர் அறையில் அவ்வுலகத்தார் வணங்கும் யோபா என்னும் தெய்வத்தின் பீடம் இருக்கிறது. பியரின் கடை புதன்கிழமைதோறும் மூடியிருக்கும். அவருக்குப் போட்டியாக விளங்கும் ஜோஜா அங்காடியோ வாரத்தின் ஏழு நாளும் காலை ஒன்பது முதல் இரவு பதினொன்று வரை திறந்திருக்கும். விளையாடத் தொடங்கியோர் பலரும் ஒரு புதன்கிழமையில் அக்கடையின் கதவில் முட்டிக்கொண்டு எரிச்சலடைந்திருப்பர். அன்று அவரிடம் விதை வாங்க இயலாது. சிலர் ஆற்றங்கரைக்கோ நண்பர் வீட்டுக்கோ செல்வர். அவ்வுலகில் உழைப்புக்குப் புறத்தேயிருந்து வரும் தடைகளுள் இஃது ஒன்று.

ஊர்ப் பொதுமன்றம் செப்பனிடப்பட்டபின் என்ன நிகழ்கிறது? ஜோஜா அங்காடி மூடப்படுகிறது. சமுதாயம் வெல்கிறது, பெருநிறுவனம் தோற்கிறது. அதன் பிறகு பியரின் கடை புதன்கிழமையும் திறந்திருக்கும்! விளையாடுபவரின் வசதிக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு இது என்பதில் ஐயமில்லை. ஆயினும் கதையின் பொருளில் இதற்கு ஆழ்ந்த விளைவு உண்டு. வென்றவர் தோற்றவருடைய பழக்கத்தை மேற்கொள்கிறார். ‘வேலை’ மட்டுமே எரியும் பலகையை விட்டுத் தப்பி வந்த பிள்ளை, தன் கையாலேயே அக்கடையின் ஓய்வு நாளை அணைத்துவிடுகிறது.

யூர்கன் மோல்ட்மன் 1970களின் தொடக்கத்தில் விளையாட்டின் இறையியலைப் பற்றி எழுதியபோது, தொழிற்சமுதாயத்தில் விளையாட்டானது மனிதனை மறுநாள் வேலைக்கு ஆயத்தமாக்கும் இடைவேளையாகச் சுருங்கிவிடும் இடரைக் கவனித்தார். இங்கே அதனினும் ஒருபடி மேலான நிலையைக் காண்கிறோம்: இடைவேளையே மற்றொரு வேலையாகிறது. ஓய்வுநாள் கட்டளையின் சிறப்பு, அது வேலை முடிந்ததா என்று கேட்காமல் வருவதில் இருக்கிறது. உழவு காலத்திலும் அறுவடை காலத்திலுங்கூட ஓய்ந்திருக்க வேண்டும் என்று யாத்திராகமம் 34ஆம் அதிகாரம் தனித்துக் குறிப்பதை எண்ணிப் பார்க்கலாம். உழவனுக்கு ஓய்வு மிகக் கடினமாய் இருக்கும் இரு வேளைகள் அவையே. வேலை முடிந்தபின் நிறுத்துவது எவர்க்கும் இயலும். முடியாத வேலையின் நடுவே நிறுத்துவதற்குத்தான் கட்டளை வேண்டியிருந்தது.

6. எழுதப்படாத மடல்

இக்குறைகள் அனைத்துக்கும் அடிப்படையான ஒரு குறைக்கு இனி வருவோம்.

கதை ஒரு மடலால் தொடங்கியது. தாத்தாவின் மதிப்பீட்டையும் பூரணத்தையும் நினைவில் கொள்ளும் நாம், தாத்தா செய்த முதற் செயலை மறந்துவிடுகிறோம். அவர் பண்ணையைக் கையளித்தார். பாழாகும் என்று அறிந்தும், பேரப்பிள்ளை எப்போது வருவான், வருவானா என்பதை அறியாமலும், ஒரு தாளில் எழுதி முத்திரையிட்டுக் கொடுத்துக் கண்மூடினார். விளையாட்டு முழுவதிலும் நிறுத்தத் தெரிந்த மாந்தர் அவர் ஒருவரே. அவர் நிறுத்தியதனால்தான் கதையே உண்டாயிற்று.

அவருடைய பேரப்பிள்ளைக்கோ அச்செயலைச் செய்யும் வழி கொடுக்கப்படவில்லை. அவ்வூரில் எவரும் முதுமை எய்துவதில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்த முதியவர் பத்தாம் ஆண்டிலும் அவ்வாறே அமர்ந்திருப்பார். பிள்ளைகள் பிறப்பர், தவழ்வர், நடைபயிலும் பருவம் வரை வளர்ந்து, அங்கேயே என்றும் நின்றுவிடுவர். மண்வெட்டியைப் பிடிக்கும் வயது அவர்களுக்கு வருவதேயில்லை. 2018இல் பலர் கூடி ஒரே பண்ணையில் விளையாடும் வசதி வந்தது. ஆயினும் பண்ணை அதனைத் தொடங்கியவருடையது. அவர் வந்து திறந்தால் ஒழிய மற்றவர் உள்ளே நுழைந்து ஒரு பாத்திக்கும் நீர் ஊற்ற இயலாது. பரம்பரைச் சொத்தாய்ப் பெற்றதை எவருக்கும் பரம்பரையாய் விட இயலாத நிலை இது. மடல் பெறலாம், மடல் எழுத இயலாது.

“இது தோட்டம், கதையன்று. தோட்டத்துக்கு முடிவு எதற்கு?” என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆனால் உண்மையான தோட்டத்தை நிலைநிறுத்துவது தோட்டக்காரனின் முடிவின்மை அன்று. அவன் முதுகு வளைகிறது, கண் மங்குகிறது, ஒரு நாள் மற்றொருவன் கையில் மண்வெட்டியைக் கொடுக்கிறான். நிலம் நீடிப்பது, கைகள் மாறுவதனால். முதுமையும் மரணமும் இல்லாத பண்ணையில் மனிதன் நிறுத்தவேண்டிய காரணம் எதுவும் நிலத்திலிருந்து எழாது. எனவேதான் நம் மாணவர் தம் நிறுத்தத்தைக் கைவிடுதலாக உணர்ந்தார். கைவிடுதலுக்கும் கையளித்தலுக்கும் உள்ள வேறுபாட்டை அவ்விளையாட்டு அவருக்குக் கற்பிக்கவில்லை. அதன் தொடக்கக் காட்சி மட்டும் கற்பித்தது.

ஆசிரியரும் இதற்கு விலக்கல்லர். 2021 அக்டோபரில் பரோன் தம் அடுத்த விளையாட்டை அறிவித்தார். ஆயினும் பழைய பண்ணைக்கே திரும்பி வந்து, 2024இல் மேலும் ஒரு பெரிய விரிவாக்கத்தை வெளியிட்டார். விளையாடுவோர்மீது அவர் கொண்ட அன்பையும் தாராளத்தையும் இது காட்டுகிறது. அவ்விரிவாக்கங்களுக்கு அவர் தனிக் கட்டணம் வாங்கவில்லை. அதே வேளையில், தான் நட்டதை விட்டு விலகுவது எத்துணை அரிது என்பதையும் காட்டுகிறது. முடிவில்லாத பண்ணையின் முதல் குடியானவர் அதனைப் படைத்தவரே.

7. முடிவுரை

பூரணம் அடைந்தவர் சிகரத்தில் ஏறுகிறார் என்று மேலே கண்டோம். மலையுச்சியில் நிற்கும் மற்றொரு மனிதனை நம் வாசகர் அறிவர். உபாகமத்தின் கடைசி அதிகாரத்தில் மோசே நேபோ மலையில் ஏறி நின்று, தான் கால் வைக்கப்போகாத நாட்டைக் கண்ணால் காண்கிறான். நாற்பது ஆண்டுப் பயணத்தின் பயன் எதிரே இருக்கிறது. அவனுடைய பணி நூறு விழுக்காட்டை எட்டவில்லை. ஆயினும் அவன் வாழ்வு சிதைந்து முடிந்ததாக அவ்வதிகாரம் கூறவில்லை. ஏனெனில் அவன் முன்னமே யோசுவாவின்மேல் கைகளை வைத்திருந்தான். எல்லாவற்றையும் பெற்றவர் ஏறும் சிகரம் ஒன்று; எல்லாவற்றையும் கொடுத்துவிட்டவர் ஏறும் மலை மற்றொன்று. முதலாவதின் மறுநாள் அதே பண்ணையில் விடிகிறது. இரண்டாவதற்குப் பின் மக்கள் யோர்தானை நோக்கி நடக்கத் தொடங்குகின்றனர்.

ஆகவே, எப்போது நிறுத்துவது என்னும் வினாவுக்கு நாம் கூறும் விடை இது. எண்ணிக்கை நிறையும்போது அன்று. எண்ணிக்கை ஒருபோதும் நிறையாது, நிறைந்தாலும் அடுத்த நாள் விடியும். சலிப்பு வரும்போதும் அன்று. சலிப்பில் நிறுத்தினால் பெற்ற இன்பத்தின் நினைவும் கசக்கும். தாத்தாவின் மடலில் இருந்த ஈவு எதுவோ, அது நம்மை வந்தடைந்துவிட்டதை அறியும் நாளில் நிறுத்தலாம். நகரத்தின் சுமையால் மூச்சுத் திணறியவன் மண்ணையும் மழையையும் அயலாரின் பெயர்களையும் கற்றுக்கொண்டான் எனில், பண்ணை தன் வேலையைச் செய்துவிட்டது. அதன்பின் பண்ணையில் இருப்பவை மிச்சமேயன்றிக் குறையல்ல.

நம் மாணவர் தம் பண்ணையில் 83 விழுக்காடு எட்டியிருந்தார். இவ்விடையைக் கேட்டபின் அவர் செய்தது நாம் எதிர்பாராதது. ஒரு தாளை எடுத்து, தம் பண்ணையில் எங்கே எது நடப்பட்டிருக்கிறது, எந்தப் பசுவுக்கு என்ன பெயர், ஊரில் யாருக்கு எது பிடிக்கும் என்பவற்றை எழுதி, கணினியோடு சேர்த்துப் பள்ளியிறுதி வகுப்பை முடித்த தம் தங்கையிடம் கொடுத்தார். அவள் தொடரலாம், தொடராமலும் விடலாம். விளையாட்டு அவருக்கு எழுத இடந்தராத மடலை அவர் விளையாட்டுக்கு வெளியே எழுதினார்.

அவரை அனுப்பிவிட்டு இக்கட்டுரையாளர் தம் அறையில் நெடுநேரம் அமர்ந்திருந்தார். வருகிற மே மாதத்தோடு இக்கட்டுரையாளரின் ஆசிரியப் பணி நிறைவுறுகிறது. இருபத்தேழு ஆண்டுகளாகச் சேர்த்த வகுப்புக் குறிப்புகள் ஓர் இரும்பு அலமாரியில் பூட்டிக் கிடந்தன. இன்னும் ஒருமுறை திருத்திவிட்டுத் தரலாம், இன்னும் ஒரு பாடத்தைச் சேர்த்துவிட்டுத் தரலாம் என்று ஈராண்டுகளாக அத்திறவுகோலை அவர் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். மாணவருக்கு விடை கூறிய வாய் தனக்கும் விடை கூறவேண்டியிருந்தது. தமக்குப் பின் அப்பாடத்தை ஏற்கவிருக்கும் இளம் ஆசிரியரை அடுத்த வாரத்தில் அழைத்து, திருத்தப்படாத குறிப்புகளோடு திறவுகோலை ஒப்படைத்தார்.

அவருடைய பண்ணை மூன்றாம் ஆண்டு இலையுதிர்காலத்தின் 17ஆம் நாள் காலையில் நிற்கிறது. அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கவேண்டிய 95 பொருள்களில் நான்கு குறைவு. பூசணி முற்றியிருக்கிறது. அது பறிக்கப்படாமலே இருக்கும்.

நம் சபைகளிலும் நிறுவனங்களிலும் முற்றிய பூசணிகள் பல உண்டு. அவற்றைத் தம் கையாலேயே பறிக்கவேண்டும் என்று காத்திருக்கும் மூத்தோரும் உண்டு. தொடங்கியவர் வந்து திறந்தால் ஒழிய எவரும் உள்ளே நுழைய இயலாத பண்ணைகளாய் நம் சேகரங்கள் ஆகாதிருக்க, ஊழியத்தின் நடுப்பகலிலேயே தம் மடலை எழுதத் தொடங்குவோர் பேறுபெற்றோர்.